முன்சக்கரம் துப்பிய எலுமிச்சம்பழம்

போன வாரம், நான் போட்ட பந்தல் சரிந்து மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் சாம்பாரில் குளித்த கதையை எழுதியிருந்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் வயிற்றுக்கு ஆபத்து இல்லை. முதல் பாதியில் கொஞ்சம் முயற்சி செய்கிறேன். அதற்குப் பிறகு என் கையில் இல்லை.

திண்டுக்கல் பேகம்பூர் பக்கத்தில் ஜபர் பாயின் வெல்டிங் பட்டறை. ஆனி மாதக் கடைசி வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. நடுவில் என் பிக்கப் வண்டி, நெற்றியில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக நிற்கிறது. நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்.

"பழத்த வைங்க, தேங்காய ஒடைங்க, சூடத்தக் காட்டுங்க. நான் என் பங்குக்கு பிஸ்மி சொல்லிக்கிறேன். எல்லாச் சாமியும் சேந்து தள்ளினாத்தேன் இது நகரும்" என்றார் ஜபர்.

ஏறி உட்கார்ந்தேன். வழக்கமான கியர்க்குச்சிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குட்டைக் குச்சி. அதை முன்னால் தள்ளினால், இதுநாள்வரை சும்மா உருண்டுகொண்டிருந்த முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அதற்காகத்தான் மாசி மாதத்திலிருந்து அந்த வண்டியைக் கொத்திக் குதறிப் போட்டிருந்தோம்.

குட்டைக் குச்சியைத் தள்ளி, கிளட்சை மெல்ல விட்டேன்.

வண்டி ஒரு முறை உலுக்கிக்கொண்டது. பிரசவ வலி வந்த எருமை மாதிரி முனகியது. நகரவில்லை. பின்சக்கரங்கள் பழத்தை நசுக்கி, மண்ணைப் பின்பக்கம் வாரி இறைத்தன. முன்சக்கரங்களோ மண்ணை முன்பக்கம் இறைத்தன. அவற்றுக்கு வைத்த பழம் இரண்டையும், கசப்பு மருந்தைக் குழந்தை துப்புவது போல வெளியே துப்பின. ஒன்று சாக்கடையில் விழுந்தது. இன்னொன்று உருண்டு போய், வேப்பமரத்தடியில் படுத்திருந்த என் அண்ணனின் காலில் முட்டி நின்றது.

முன்னால் இருப்பது பின்னால் போகப் பார்க்கிறது. பின்னால் இருப்பது முன்னால் போகப் பார்க்கிறது. எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற வண்டி.

## அண்ணனும் ஓடையும்

அண்ணன் பெயர் வெள்ளைச்சாமி. என்னைவிடப் பத்து வயசுக்கு மேல் மூத்தவர். எரியோட்டுக்கு உள்ளே தள்ளி, ஓர் ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தார். முருங்கை, கொஞ்சம் கத்திரி, இரண்டு மாடு, செல்லம்மா மதினி. பிள்ளைகள் இல்லை.

நான் திண்டுக்கல் டவுனில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிற ஆள். கல்யாணத்துக்கும் நான்தான், காதுகுத்துக்கும் நான்தான். துட்டி விழுந்த வீட்டுக்கு, பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி அனுப்புவதும் நான்தான். இதெல்லாம் அந்த ஒரே பிக்கப்பில்தான் போய் வந்தது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டவுனுக்கு வந்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷினில் படுக்க வேண்டும். காலையில் படுத்தால் மதியம் எழுந்திருப்பார். எழுந்திருப்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. துவைத்துப் பிழிந்த வேட்டியைக் கொடியிலிருந்து உருவுவது மாதிரி நாங்கள் அவரை உருவி எடுப்போம்.

முதல் நாள் என் வண்டியைப் பார்த்ததுமே கேட்டார்.

"ஏலே, ஐஸ் பெட்டி ஏத்துற வண்டிதான இது?"

"ஆமாண்ணே. கழுவிட்டேன்."

"என்னையும் ஏத்துற. உன் தொழிலுக்கு நான் உசுரோட இருக்கிறது நட்டம்டா."

வேடிக்கை பேசுவது எங்கள் இருவருக்கும் எங்கள் அய்யா விட்டுப்போன சொத்து. அண்ணன் பங்கில் கொஞ்சம் விஷம் அதிகம்.

அந்த நோயில் வலியைவிடக் கொடுமை தாகம். உடம்பில் இறங்குகிற தண்ணீர் வெளியே போக வழி இல்லை. அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து சொல்லியிருந்தார். மதினி அதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் வைத்துக்கொண்டு, மருந்து கொடுப்பது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். கஞ்சியும் அந்தக் கணக்கில்தான், காப்பியும் அந்தக் கணக்கில்தான். ஆயுசு முழுக்க மோட்டார் குழாயில் வாய் வைத்துக் குடித்த மனிதருக்கு.

டவுனில் என் வீட்டிலேயே தங்கச் சொன்னேன். ஒரு வாரம் இருந்தார். கூடத்தில் நீலவிளக்கு எரிகிற பில்டர், சமையலறையில் பிரிட்ஜ், என் பெண்டாட்டி படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற பாட்டில். எங்கே திரும்பினாலும் தண்ணீர். ஏழாவது நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உன் வீட்ல இருக்கிறதுக்கு நான் கெணத்துக்குள்ளயே கட்டிலப் போட்டுப் படுத்துக்குவேன். தோட்டத்துலயாச்சும் இந்தப் புள்ள பானைய ஒளிச்சு வைக்கிறா. நான் வாரேன்" என்று மதினியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

## டிராக்டரில் போகலாமே

கேட்பீர்கள். ஊரே கேட்டது.

அந்த ஓடை வருசத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். ஆட்டோகூடத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால்தான் தகராறு. தண்ணீர் இடுப்புக்கு மேல் போவதில்லை. ஆனால் இரண்டு கரையும் கரிசல் மண். நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, வண்டியின் எடையைவிட மண்ணின் எடை கூடிவிடும். பாலம் கட்டுவதற்கு ஒரு முறை அளந்து கல் நட்டார்கள். கல்லை ஓடை கொண்டுபோய்விட்டது. மறுபடி அளக்க யாரும் வரவில்லை.

வண்டியில் கைவைப்பதற்கு முந்தின மழையில் டிராக்டரில்தான் அழைத்து வந்தோம். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது, மிஷினிலிருந்து இறங்கிய உடம்பு, டிராக்டரின் மட்கார்டில் உட்கார வைத்து, மதினி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு. நடு ஓடையில் ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. அண்ணன் கண் சொருகிப் பக்கவாட்டில் சரிந்துவிட்டார். மதினி கையில் மிஞ்சியது வேட்டியின் ஒரு முனைதான். ஊசி குத்துகிற கையில் கட்டு அவிழ்ந்து ரத்தம் ஓடைத் தண்ணீரில் கலந்து போனதை நான் பார்த்தேன்.

அடுத்த முறை மதினியே வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு முறை மிஷினுக்குப் போகவில்லை. மூன்றாவது முறைக்கு, நெஞ்சில் நீர் கோத்து, மூச்சுக்குப் பதிலாக விசில் வந்துகொண்டிருந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். தூக்கியவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். அடுத்த மழைக்குள், அந்தக் கரிசலை மிதித்துத் தாண்டுகிற, சாய்ந்து உட்காரச் சீட்டு இருக்கிற வண்டி வேண்டும். என் பிக்கப்பில் பின்சக்கரம் இரண்டுதான் தள்ளும். முன்சக்கரம் கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி, முன்னால் நிற்கும், வேலை செய்யாது. அதையும் வேலை வாங்க வேண்டும்.

அப்படியே செய்து வருகிற புது வண்டி கம்பெனியில் கிடைக்கும். அந்த விலையைக் கேட்டால் எனக்கும் மிஷின் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே ஜபர் பாய்.

## குப்புறக் கவிழ்த்த அச்சு

ஜபர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். எட்டாம் வகுப்பில் பெஞ்சு உடைந்தபோது பற்றவைத்துத் தருகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போனவர். அந்தப் பெஞ்சு இன்னும் அவர் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. தன் வேலையைப் பற்றித் தாழ்வாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மாப்ள, என் கையில இரும்ப குடு, யானைக்குக்கூட நாலு காலும் இழுக்கிற மாதிரி செஞ்சு தாரேன்."

"யானைக்கு ஏற்கெனவே நாலு காலும் இழுக்கும் பாய்."

"அதச் செஞ்சவனும் என்னைய மாதிரி ஒருத்தன்தேன்."

மதுரைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, எப்போதோ ஏலத்தில் போன ஒரு ஜீப்பின் முன் அச்சைப் பிடித்தோம். கூடவே, இஞ்சினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்புகிற இரண்டாவது கியர்ப்பெட்டி. இரண்டும் வேறு வேறு வண்டிக்குப் பிறந்தவை. என் வண்டி மூன்றாவது ஜாதி. மூன்றுக்கும் கலப்புத் திருமணம் செய்துவைக்கிற வேலை ஜபருக்கு.

முன்பக்கத்துச் சுருள் வில்லையெல்லாம் கழற்றி எறிந்தார். அந்த இடத்தில் பட்டா, அதாவது அடுக்குத் தகட்டு வில், வைத்தார். பட்டாவைப் பிடிக்க ஒவ்வொரு தாங்கியும் தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்து, கைவேலையாகவே செய்தார். எதுவும் கடையில் கிடைக்காது. அட்டையில் வரைந்து வெட்டிப் பார்ப்பார், சரியில்லை என்றால் கிழித்துப் போட்டு மறுபடி வரைவார். என் கடையில் ஐஸ்கிரீம் கப் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் அப்படியே தீர்ந்தது. வண்டியின் உடம்பில் இப்படிக் கைவைக்க அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை. எழுதினால் பத்திரிகை ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்.

ஒரு சிக்கல் வந்தது. அந்த முன் அச்சில், பல்சக்கரம் உட்கார்ந்திருக்கிற குண்டு வலப்பக்கம் இருந்தது. எங்கள் கியர்ப்பெட்டியிலிருந்து அதைச் சுழற்றுகிற தண்டு வருவதோ இடப்பக்கம். ஜபர் தாடியைச் சொறிந்தபடி ஒரு டீ குடித்தார். பிறகு அச்சை அப்படியே குப்புறக் கவிழ்த்தார். குண்டு இடப்பக்கம் வந்துவிட்டது.

"மண்ட வேலை செய்யணும் மாப்ள" என்றார்.

கவிழ்த்தால் அது சுற்றுகிற திசையும் கவிழும் என்பது இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை.

## எனக்கும் கடியாரம்தான்

பூஜைக்கு முந்தின நாள் சோதித்துப் பார்க்காமல் இல்லை. வண்டியை நாலு பக்கமும் முட்டுக்கொடுத்துத் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் நிற்க, இஞ்சினை ஓடவிட்டோம். ஜபர் இந்தப் பக்கம் முன்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் பின்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"எந்தப் பக்கம் சுத்துது மாப்ள?"

"கடியாரம் சுத்துற பக்கம். உங்களுக்கு?"

"எனக்கும் கடியாரந்தேன்."

எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டோம். டீயும் உளுந்தவடையும் சாப்பிட்டோம்.

அந்தக் கடியாரத்தின் கதை மறுநாள் எலுமிச்சம்பழம் துப்பப்பட்ட பிறகுதான் தெரிந்தது. வண்டிக்கு அடியில் தலையை விட்டு நாங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தோம். வேப்பமரத்தடியில் இருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

மிஷினிலிருந்து எடுத்த பிறகு மதியங்களில் அவரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து செத்த நேரம் படுக்கவைப்பது வழக்கமாகியிருந்தது. வண்டியில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டைக் கழற்றித் தரையில் போட்டு, அதுதான் அவருக்குக் கட்டில். முந்தின நாள் மிஷினிலிருந்து வந்து அங்கே படுத்தபடி சோதனையைப் பார்த்தவர், பூஜைக்காக டவுனிலேயே தங்கியிருந்தார்.

"ஏலே, நீ அந்தாண்ட உக்காந்த. பாய் இந்தாண்ட உக்காந்தாரு. எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே பக்கம்னா, அது ஒரே பக்கமாடா? என் மொகத்துல வலப்பக்கம் மரு இருக்கு, உனக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

ஜபர் எழுந்து வந்து பின்பக்கம் போனார், முன்பக்கம் வந்தார். விரலைக் காற்றில் சுற்றிப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னீக. பாக்க நல்லாருந்துச்சு."

காலில் முட்டி நின்ற எலுமிச்சம்பழத்தை அண்ணன் எடுத்தார். நகத்தால் தோலைக் கீறி மூக்கில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார். தாகம் எடுத்தவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தொண்டை ஏறி இறங்கியது. உள்ளே போக ஒன்றும் இல்லாமலே விழுங்கினார்.

"தண்ணியத் தாண்டுறதுக்கு இம்புட்டு இரும்பு" என்றார். "எனக்கு ஒரு செம்பு தண்ணி குடுக்க ஒருத்தன் இல்ல."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன் என்று ஞாபகம்.

## மழைக்குள்ள முடிஞ்சிருமா

அச்சை மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. இரண்டு பக்கத்துக் குழாயையும் அறுத்து, நீளமானதைக் குட்டையாக்கி, குட்டையை நீளமாக்கி, குண்டை நேர்வழியில் இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சக்கரம் ஆடும். ஆடி மாதம் புது வேலை தொடங்கக்கூடாது என்று நான் ஒரு மாதத்தைத் தின்றேன். "பழைய வேலையத்தான மாப்ள திருத்துறோம்" என்று ஜபர் சொன்னது இப்போது நியாயமாகப் படுகிறது.

ஆவணி, புரட்டாசி முழுக்க அண்ணன் அந்தச் சீட்டில் படுத்தபடி ஒரே கேள்வியைக் கேட்டார்.

"மழைக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்ணே."

"நெசமாவா?"

"பாய் சத்தியம் பண்ணிருக்காரு."

"ம்."

அந்த 'ம்' எனக்குத் தெம்பாக இருந்தது. ஆள் எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார், வாழ வேண்டும் என்கிற ஆசை வந்துவிட்டது என்று வீட்டில் போய்ச் சொன்னேன். என் பெண்டாட்டி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பட்டறையில் ஜபரை வேறு நெருக்கினேன். மனிதர் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து, கண் சிவக்கச் சிவக்கப் பற்றவைத்தார்.

புரட்டாசிக் கடைசியில் வண்டி முடிந்தது. இந்த முறை நாங்கள் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். பழம் நாலும் நசுங்கின. புளிப்பு வாசனை பட்டறை முழுக்க ஏறியது. அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வாசனை அவருக்கு ஆசையைக் கிளப்புகிறது, பாவம், என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மனிதர்களைப் படிப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறைய உதாரணம் கொடுத்திருக்கிறேன்.

## தாண்டியது

ஐப்பசியில் பிடித்த மழை விடாமல் அடித்தது. ஓடையில் வெள்ளம் வந்தது. மிஷினுக்குப் போக வேண்டிய நாள் விடிந்தபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு, ஒடிந்த முருங்கைக் கிளைகளை இழுத்துக்கொண்டு போனது.

வண்டி மழை தொடங்கியதில் இருந்தே தோட்டத்தில்தான் நின்றது. நானும் அங்கேதான் படுத்துக்கொண்டேன். ஜபர் டவுனிலிருந்து பைக்கில் வந்து, தார்ரோட்டுக் கரையில் வடக்கயிற்றோடு காத்திருந்தார். உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற அப்பன் மாதிரி.

அண்ணன் சன்னல் ஓரம். மதினி நடுவில், மடியில் பையும் அந்த டம்ளரும். குட்டைக் குச்சியை முன்னால் தள்ளினேன். கிணுக் என்று விழுந்தது.

கரிசலில் இறங்கியதும் வண்டி முகத்தைக் கீழே சாய்த்தது. ஸ்டியரிங் என் கையில் வழுக்கியது. தண்ணீர் கதவின் அடியில் நக்கியது. நடு ஓடையில், அண்ணன் சரிந்து விழுந்த அதே குழியில், பின்சக்கரம் இறங்கிச் சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது முன்னாலிருந்து ஓர் இழுப்பு. யாரோ கையைப் பிடித்துக் கரையேற்றுவது மாதிரி நிதானமான இழுப்பு. முன்சக்கரங்கள் அக்கரைச் சேற்றைக் கவ்வின. வண்டி உறுமியபடி மேலே ஏறி, தார்ரோட்டில் போய் நின்றது.

ஜபர் சாக்கை எறிந்துவிட்டு மழையில் ஆடினார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு ஆடக்கூடாது, ஆனால் ஆடினார்.

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

"தாண்டிருச்சுடா" என்றார். என் தோளைத் தட்டினார். கடைசியாக எப்போது தட்டினார் என்று ஞாபகம் இல்லை. "நல்லாத் தாண்டிருச்சு. வண்டியத் திருப்பு."

"எதையாச்சும் மறந்துட்டு வந்துட்டீகளாண்ணே?"

"இல்ல. வீட்டுக்குப் போவோம்."

எனக்குப் புரியவில்லை. மதினி டம்ளரைப் பார்த்தபடியே பேசினார்.

"விடியவே சொல்லிட்டாக தம்பி. இனிமே மிஷினுக்கு வரலயாம். அப்புறம் எதுக்குக் கெளம்புறீகன்னு கேட்டேன். தம்பி பாவம், வருசம் பூரா ஒழைச்சுச் செஞ்சிருக்கான், ஒரு தடவ தாண்டிப்புட்டு வந்துருவோம்னாக."

வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

நான் என்னென்னவோ சொன்னேன். டாக்டரைச் சொன்னேன். மதினியைக் காட்டினேன். நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்" என்றார். "ஊசி வலிக்குதுன்னு சொல்லலடா. எந்திரிச்சு வந்தா, நான் யாருன்னு எனக்குத் தெரிய மறுநா ஆகுது. அதுக்கு அடுத்த நா மறுபடியும் வந்து ஏத்துறீங்க. போன மழையிலயே முடிஞ்சிருக்கும். கட்டிலோட தூக்கிட்டு ஓடுனீங்க. சரி, அடுத்த மழை வரட்டும்னு இருந்தேன். ஓடையில தண்ணி, போக முடியல, போயிட்டாருன்னு ஊரு சொல்லும். நானும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல, நீயும் எதுவும் கேக்க வேண்டியதில்ல. எனக்கு இருந்த ஒரு சாக்கு அந்த ஓடைதேன். அதையும் நீங்க ரெண்டு பேரும் இரும்ப வச்சு அடைச்சுப்புட்டீங்க."

சிரித்தார். விஷம் இல்லாத சிரிப்பு.

"இப்ப வாயத் தொறந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுக்குத்தேன் கஷ்டமா இருந்துச்சு."

மழைக்குள்ள முடிஞ்சிருமா. அந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பார்.

மதினியைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைத் திருப்பினேன். திரும்ப மறுத்தது. பாதி வட்டத்தில் முறுக்கிக்கொண்டு, டயர் தாரில் தேய்ந்து கீச்சிட்டு நின்றது. நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டு இழுக்கிற வண்டி இறுகிய ரோட்டில் அப்படித்தான், வளைய வராது. குட்டைக் குச்சியைப் பின்னால் எடுத்தால்தான் முன்சக்கரம் விடுபடும். ஜபர் எனக்கு இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு மறக்கவும் இல்லை. கை மட்டும் அந்தக் குச்சிக்குப் போகவில்லை.

அண்ணன் மதினியின் மடிக்கு மேலே கையை நீட்டினார். ஊசித் தழும்புகள் முண்டு முண்டாக எழும்பிய அந்தக் கை. குச்சியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். வண்டி லேசாகக் குலுங்கி இறுக்கம் விட்டது.

"இப்ப திரும்பும். திருப்பு."

ஜபர் ஓடிவந்து சன்னலைத் தட்டினார்.

"என்னப்பு, எங்க திரும்புறீங்க? ஆஸ்பத்திரி அங்கிட்டு."

அண்ணன் கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே அடித்தது.

"பாய், வண்டி நல்லாருக்கு. ஒரு கொறையும் இல்ல. உங்க மாப்ளைக்குத்தேன் ரோட்ல சரியா ஓட்டத் தெரியல, சொல்லிக் குடுங்க."

ஜபர் என் முகத்தைப் பார்த்தார். சன்னல் விளிம்பில் இருந்த அண்ணனின் கைமேல் தன் கையை வைத்தார். வண்டி நகர்ந்து கை நழுவும் வரை அப்படியே கூட நடந்து வந்தார்.

ஓடைக்கு முன்னால் குச்சியை நான் மறுபடி முன்னால் தள்ளினேன். திரும்பும்போதும் வண்டி நன்றாகத்தான் இழுத்தது.

## ஒரு செம்பு

அந்தத் தண்ணீர் வடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். கடைசி நாட்கள் லேசாக இல்லை. அதை நான் எழுதப் போவதில்லை. ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டியது அந்த வண்டிதான். வேறு எந்த வண்டியாலும் முடிந்திருக்காது. ஜபர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதெல்லாம் இல்லை. திரும்பி வந்த அன்றைக்கு மதியம்.

மழை விட்டிருந்தது. கட்டிலை வாசலில் போடச் சொல்லி அண்ணன் உட்கார்ந்தார். முருங்கை இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாடு ஒன்று உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறியது. மதினி உள்ளே போனார். அரிசிக் குதிருக்குப் பின்னால் பானையை ஒளித்து வைத்திருந்தார் போல, எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. பித்தளைச் செம்பு நிறைய, விளிம்பில் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நீட்டினார். டம்ளர் வண்டிச் சீட்டிலேயே கிடந்தது.

நான் ஏதாவது வேடிக்கை சொல்லலாம் என்று பார்த்தேன். அந்த நேரத்துக்கு என்று ஒன்றும் அகப்படவில்லை.

அண்ணன் செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். தலையை அண்ணாந்து, உதடு படாமல், உயரத் தூக்கி ஊற்றினார். கண்ணை மூடவில்லை. வானத்தைப் பார்த்தபடியே குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. இந்த முறை உள்ளே போக இருந்தது. கடக் கடக்கென்ற அந்தச் சத்தமும், தூரத்தில் ஓடை போகிற சத்தமும் மட்டும்தான் கேட்டன.

முழுச் செம்பும் முடிந்தது. மார்பில் வழிந்ததைத் துடைக்கவில்லை. செம்பைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டார்.

மதினியிடம் நீட்டினார்.

"ஏ புள்ள" என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."